பாம்பக்காவின் பத்தொன்பது வருடம்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் அவருக்கு விழிப்புணர்வு அலுவலர் என்று பதவி உண்டு. அறைக் கதவில் பலகைகூட உண்டு. ஆனால் எந்தப் பள்ளி வாசலில் பேருந்தை விட்டு இறங்கினாலும் "பாம்பக்கா வந்தாச்சு" என்று உள்ளே செய்தி போய்விடும்.

பாம்பின் மேல் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவர் இல்லை அவர். தட்டச்சுக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தார். சேர்ந்த மூன்றாம் மாதம், பள்ளிகளுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தவர் நல்ல சம்பளத்துக்கு வெளிநாடு போய்விட்டார். ஒரு வாரம் மட்டும் சமாளித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த ஒரு வாரம்தான் பத்தொன்பது வருடமாக இழுத்துக்கொண்டு போனது.

ஒரு கண்ணாடிப் பெட்டியில் பாம்புச் சட்டை, சுருட்டிய பதினோரு படங்கள், ஒரு தண்ணீர்ப் பாட்டில், முட்டிவலித் தைலம். இவைதான் அவர் பையில் இருந்தவை. பையை வீட்டுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. கணவர் லேத் பட்டறையில் இரும்பைச் சீவியே வாழ்க்கையைக் கழித்தவர், முதுகு போனபிறகு வீட்டில் இருப்பவர். இரும்புக்குப் பயப்படாத அந்த மனிதர் உரித்துப் போட்ட பாம்புச் சட்டைக்குப் பயந்தார். பை இரவெல்லாம் செருப்புகளோடு வாசலில் கிடக்கும்.

பள்ளியில் அவர் சொன்னது எப்போதும் ஒன்றுதான். பெரும்பாலான பாம்புகளுக்கு விஷம் இல்லை, அவை எலிகளைத் தின்று தானியத்தைக் காப்பாற்றுகின்றன, ஆகவே அடிக்காதீர்கள். கடைசியில், இனிமேல் யாரெல்லாம் பாம்பை அடிக்க மாட்டீர்கள் என்று கேட்பார். அத்தனை கையும் மேலே போகும். பேச்சுக்கு முன்னால் ஒரு தேர்வு, பின்னால் ஒரு தேர்வு. மதிப்பெண் எப்போதும் ஏறியது. ஆண்டறிக்கையில் அந்த எண்கள் அழகாக அச்சாகும்.

பத்தொன்பதாம் வருடம், நிதி கொடுப்பவர்கள் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள். எத்தனை பாம்புகள் பிழைத்தன? சங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. செயலாளர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் வைத்திருப்பவர். இதற்கு அவரிடமும் படிவம் இல்லை. அதனால் நிதி கொடுப்பவர்களே ஓர் ஆய்வாளரை அனுப்பினார்கள்.

நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. பேச்சு குறைவு, மதியச் சாப்பாடு பிஸ்கட். வந்த முதல் நாளே மேஜைமேல் ஆறு ரப்பர் பாம்புகளை எடுத்து வரிசையாக வைத்தார். சாரைப்பாம்பு போலத் தெரிய அவரே பழுப்புச் சாயம் பூசியிருந்தார். செய்ய வேண்டியது எளிது. சாலை ஓரத்தில், வழக்கமாகச் சக்கரம் படாத இடத்தில், ஒரு ரப்பர் பாம்பைப் போட வேண்டும். மறைவாக உட்கார்ந்து, எத்தனை வண்டிகள் அதன்மேல் ஏற்றுவதற்கென்றே ஒதுங்கிப் போகின்றன என்று எண்ண வேண்டும். பிறகு அதே இடத்தில் அதே நீளத்துக்கு ஒரு கயிறு; அதற்கும் எண்ண வேண்டும். இதை இரண்டு சாலைகளில் செய்வது. ஒன்று, பாம்பக்கா வருடம் தவறாமல் பேசிய இருபத்திரண்டு பள்ளிகள் இருக்கும் சாலை. அன்று ஐந்தாம் வகுப்பில் கை தூக்கியவர்கள் இன்று அதில் வேன் ஓட்டுகிறார்கள். மற்றது ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே அவர் ஒருநாளும் போனதில்லை.

இரண்டு பெண்களும் மடக்கு நாற்காலியைப் போட்டுப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பாம்பக்காவின் வேலை நோட்டில் கோடு போடுவது. முதல் மணி நேரத்திலேயே ஒரு பால் வண்டி ஒதுங்கி ஏற்றிவிட்டுப் போனது. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஏற்றியது போதாதென்று திரும்பி வந்து இன்னொரு முறை ஏற்றினார். இன்னொருவர் கல்லோடு இறங்கி வந்து, அது ரப்பர் என்று தெரிந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, புதருக்குப் பின்னால் இருந்த இருவரையும் கண்டுபிடித்துவிட்டார். இந்த வயதில் உங்களுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டுவிட்டுப் போனார். மொத்தத்தில் மூன்றே மூன்று பேர் வண்டியை நிறுத்தி, குச்சியால் பாம்பைப் புல்லுக்குள் தள்ளிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

ஒன்பதாம் நாள் காலை, தெரிந்த ஸ்கூட்டர் ஒன்று வந்தது. ஓட்டியவர் ஓர் அறிவியல் ஆசிரியர். வருடா வருடம் பாம்பக்காவைத் தன் பள்ளிக்கு அழைப்பவர், கடைசியில் எழுந்து நன்றி சொல்பவர். ஸ்கூட்டர் நேராக வந்தது. பத்தடி இருக்கும்போது இடது பக்கம் சாய்ந்து, பாம்பின் தலைமேல் ஏறி, மறுபடி நடுச்சாலைக்குப் போய்விட்டது. பாம்பக்கா எழுதவில்லை. ஆய்வாளர் அவரைப் பார்த்தார். பிறகுதான் பாம்பக்கா குனிந்து ஒரு கோடு போட்டார்.

இருபத்து நான்கு நாள் எண்ணினார்கள். கயிறு என்றால் நூற்றுக்கு நான்கு வண்டிகள் ஏற்றின. பாம்பு என்றால், அவர் பேசாத சாலையில் பதினாறு, அவர் பேசிய சாலையில் பதினேழு. அந்த ஒன்றுக்குப் பொருள் எதுவும் இல்லை, இரண்டும் சமம்தான் என்று ஆய்வாளர் ஆறுதலாகச் சொன்னார். பாம்பக்காவுக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டு முடித்து, முதுகுக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"பத்தொம்பது வருஷமா கூடவே இருக்கேன், என்னையே மாத்த முடியலியேம்மா. ரோட்டுல போறவனையா மாத்தப் போற?"

"இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

"நீ கேக்கல."

இரண்டு நாள் விட்டு பாம்பக்கா அந்த ஆசிரியர் வீட்டுக்கே போனார். சண்டை போட அல்ல, தெரிந்துகொள்ளத்தான். சாலையில் பார்த்ததைச் சொன்னதும் ஆசிரியரின் முகம் சுருங்கிப் போயிற்று. மறுக்கவில்லை. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே அனுப்பிவிட்டுப் பேசினார்.

"வேணும்னு செய்யல அக்கா. கை தானா திரும்பிடுச்சு. நீங்க படத்துல காட்டும்போது எதுக்கு விஷம், எதுக்கு இல்லன்னு எனக்கும் தெரியுது. தரையில நெளியறப்ப தெரியல. சரி, நாளைக்கே இந்த வீட்டுக்குள்ள ஒண்ணு வந்துட்டா நான் என்ன செய்யணும்? அடிக்காதேன்னு சொன்னீங்க. அடிக்காம என்ன செய்யறதுன்னு ஒரு நாளாச்சும் சொன்னீங்களா? யாரைக் கூப்பிடறது?"

பாம்பக்கா யோசித்துப் பார்த்தார். சொன்னதில்லை. பதினோரு படங்களில் ஒன்றில்கூட ஒரு தொலைபேசி எண் இல்லை.

ஆய்வாளர் அதைக் கேட்டதும் இன்னும் அறுபது வீடுகளில் விசாரித்தார். பத்தில் ஏழு வீட்டில் பாம்பை அடித்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஆசிரியர் சொன்னதையே சொன்னார்கள். பிடித்துப் போக ஆள் வருமென்றால் காத்திருப்போம் என்றார்கள் பலர்.

அறிக்கையில் பாம்பக்காவும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. செயலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கெட்ட மனிதர் இல்லை. சங்கத்தில் ஒன்பது பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதை அவர் ஒரு நிமிடமும் மறந்ததில்லை. தேர்வு மதிப்பெண்களை மட்டும் அனுப்பினால் போதும், சாலைக் கணக்கு ஒரு முன்னோட்டம்தானே, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"பொய் ஒண்ணும் சொல்லலியேம்மா. மார்க் ஏறினது நிஜம்தானே?"

"நிஜம்தான் சார். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் ஏத்துறாங்க."

செயலாளர் பேனாவை மூடி மூடித் திறந்தார். முழு அறிக்கையும் போகட்டும் என்று பாம்பக்கா கேட்டுக்கொண்டார். இதைச் சொல்லத் துணிச்சல் எதுவும் தேவைப்படவில்லை, களைப்பே போதுமாக இருந்தது என்று பிறகு கணவரிடம் சொன்னார். இன்னொரு வருடம் அதே பேருந்தில் ஏறி அதே கைகளை எண்ண அவரால் முடியாது.

முழு அறிக்கையே போயிற்று. நிதி கொடுப்பவர்கள் கோபப்படவில்லை, பாராட்டவும் இல்லை. மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பள்ளித் திட்டம் நிறுத்தப்படுகிறது. பதிலாகப் பாம்பு பிடிக்கப் பயிற்சி பெற்ற இரண்டு பேர், இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு தொலைபேசி. ஒரு வருடச் சோதனை. படங்கள் வேண்டாமென்றானதால் அவற்றை வரைந்துகொடுத்த ஓவியருக்கு வேலை போயிற்று. பதினான்கு வருடம் பக்கத்து மேஜையில் இருந்தவர். அவர் தூரிகைகளைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, பாம்பக்காவிடம் மட்டும் சொல்லாமல் போனார். அது இன்றுவரை பாம்பக்காவுக்கு ஆறவில்லை.

தொலைபேசியில் அவரையே உட்கார வைத்தார்கள். இரண்டாம் மாதம், ஒரு மதியம், ஒரு பெண் அழைத்தார். குளியலறையில் பாம்பு, கணவர் கடப்பாரையோடு வாசலில் நிற்கிறார். பிடிப்பவரை அனுப்பினால், வழியில் சக்கரம் பஞ்சர் என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. இன்னொருவர் ஊரின் மறுகோடியில். பாம்பக்கா அந்தக் கணவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்பேன், அப்புறம் அடிச்சிருவேன்" என்றார் அவர்.

எலியைப் பற்றியும் தானியத்தைப் பற்றியும் சொல்ல வாய்வரை வந்தது. பாம்பக்கா அதை விழுங்கிக்கொண்டார்.

"அடிக்கலாங்க. ஒரே அடியில விழலன்னா அது எந்தப் பக்கம் ஓடும்?"

அந்தப் பக்கம் கடப்பாரையைத் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது.

"கதவுப் பக்கம்தான்."

"கதவுல யாரு நிக்கிறது?"

"நான்தான்."

"கதவ சாத்திட்டு, கீழ ஈரத்துண்ட அடைச்சுட்டு, எங்கூடப் பேசிட்டு இருங்க."

ஐம்பது நிமிடம் பேசினார்கள். அவர் முதலாளியைத் திட்டினார், மாமனாரைத் திட்டினார், தண்ணீர் வராததைத் திட்டினார். பாம்பக்கா எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். பிடிப்பவர் வந்து கதவைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமில்லை. பாம்பு சாக்கடைக் குழாய் வழியாகப் போய்விட்டிருந்தது. படிவத்தில் ‘மீட்கப்பட்டது’, ‘இறந்தது’ என்று இரண்டே கட்டங்கள். பாம்பக்கா ஓரத்தில் ‘தானே போயிற்று’ என்று எழுதி வைத்தார்.

வருட முடிவில் ஆய்வாளர் மறுபடி வந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள். நூற்று அறுபத்தெட்டில் பாம்பு உயிரோடு போயிருந்தது. சாலையையும் மறுபடி எண்ணினார்கள். அங்கே அதே பதினேழுதான். செயலாளருக்கு நூற்று அறுபத்தெட்டு போதும். அப்போதே அச்சுக்கு அனுப்பத் துடித்தார். ஆய்வாளர்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அவசரப்பட வேண்டாம் என்றார். கூப்பிடுகிறவர்கள் முதலிலிருந்தே அடிக்க மனமில்லாதவர்களாக இருக்கலாம். தொலைபேசி இல்லாவிட்டாலும் அவர்கள் அடித்திருக்க மாட்டார்கள் என்றால் இந்த எண்ணுக்கும் மதிப்பில்லை.

"அப்ப இதுவும் வேலை செய்யுதான்னு தெரியாதா மேடம்?"

"இன்னும் தெரியாது அக்கா. இன்னும் ரெண்டு வருஷமாவது எண்ணணும்."

பாம்பக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். தனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் நான்கு மாதம் இருப்பதாகவும், அதற்குள் முடித்துவிட்டால் பதிலைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். ஆய்வாளர் பிஸ்கட் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார். இருவரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, அடுத்த வருடத்துக்கான படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்க உட்கார்ந்தார்கள்.