தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் போட்ட பீன்ஸ்

எங்கள் வீட்டுச் செலவைக் கெடுத்தது நீங்கள்தான், சிக்கன வகுப்பு எடுக்க வந்த சார். கட்டபெட்டில் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "வீட்டுத் தோட்டம் போடுங்க, காய்கறிச் செலவே இருக்காது" என்றீர்கள். வீட்டைச் சுற்றி எனக்கு இருந்தது கொஞ்சம் தேயிலைதான். அந்த இலையை விற்றுத்தான் கேஸ் சிலிண்டர் வாங்கினேன். உங்களை நம்பி அதை வேரோடு பிடுங்கிவிட்டு பீன்ஸ் போட்டேன்.

முதல் காய் பறிக்கலாமென்று காலையில் கதவைத் திறந்தால், காட்டுமாடு ஒன்று வேலியைச் சாய்த்துவிட்டு நடுவில் நின்று மென்றுகொண்டிருந்தது. அது போன பிறகு ஒரு செடி மிச்சமில்லை.

பக்கத்து வீட்டு சரசு எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, தேயிலையை அது மோந்துகூடப் பார்க்காதுங்க. நீங்களே கூப்பிட்டு விருந்து வெச்சுட்டீங்க."

"தெரிஞ்சவ அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல?"

"கூட்டத்துல மொதல்ல கை தட்டுனதே நீங்கதானுங்க."

இந்த மலையில் பிறந்த எனக்கு இது தெரியாததல்ல. மைக்கில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இப்போது காயையும் கடையில்தான் வாங்குகிறேன், சிலிண்டருக்கு வழியில்லை. மறுபடி தேயிலை நட்டு இலை கிள்ள வருஷக்கணக்கில் ஆகும்.

அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள் சார். அதே மைக்கில், அத்தனை பெண்கள் முன்னாலும் சொல்லுங்கள்: மறுபடி இலை கிள்ளும்வரை என் அடுப்பு எதில் எரியும்?