மோதிரம் அறுத்தது எந்தத் தீபாவளிக்கு

‘விளம்பி வருஷம், ஆனி 12. தம்பிக்குக் கண் மருந்து ஆரம்பம். காலை மாலை ஒவ்வொரு சொட்டு.’

1958ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதிவைத்த வரி இது. தம்பி என்பது என் சித்தப்பா. புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை வழியாக விராலிமலைக்குப் போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர். திருக்கோகர்ணத்தில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்தச் சித்திரையில் அவர் சாலையோரம் மேய்ந்த ஆட்டின் மேல் பஸ்ஸை ஏற்றினார். அடுத்த மாதம் ஒரு மாட்டுவண்டியை உரசினார். நேர் எதிரே தூரத்தில் காகம் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்தது. பக்கவாட்டில் வருவதுதான் தெரியவில்லை. கண்ணைச் சரிசெய்துகொண்டு வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கு வேறு வேலை தெரியாது.

ஊர்க் கண் டாக்டர், வீட்டில் யாருக்காவது பார்வை போயிருக்கிறதா என்று கேட்டார். தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் போனதை அப்பா விவரமாகச் சொன்னார். டாக்டர் தலையசைத்து, கண் அழுத்த நோய் என்றார். அதிலும் ஓரப் பார்வைதான் முதலில் கெடும். ஆனால் தாத்தாவுக்கு வந்தது வெறும் கண்புரை. எங்கள் வீட்டில் அது அப்போது யாருக்கும் தெரியாது. வயதானவர்களுக்குப் பார்வை போனால் போனதுதான். எதனால் என்று கேட்கிற வழக்கம் இல்லை.

சித்திக்குக் கை நடுங்கும் என்பதால் மருந்து விடுவது என் வேலையாயிற்று. விட்ட சிறிது நேரத்தில் கண்மணி கடுகு போலச் சுருங்கிவிடும். “இருட்டிப் போச்சு ஆத்தா, லைட்டப் போடு” என்பார், பட்டப்பகலில். டாக்டர் அவ்வப்போது ஒரு சிறு கருவியைக் கண்மேல் வைத்துப் பார்த்து, அழுத்தம் நன்றாக இருக்கிறது என்பார். அன்றைக்கு வீட்டில் பாயசம். மருந்து வேலை செய்கிறது என்று நம்பினோம். மருந்துக்கு முன்னால் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. பாயசம் குடித்துவிட்டு எழுந்தால் சித்தப்பா நிலைக்கதவில் இடித்துக்கொள்வார். அவருடைய இரண்டு தோளிலும் கன்றிப்போயிருந்தது.

மோதிரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் மாமனார் போட்ட மோதிரத்தை அவர் கழற்றிவைப்பார். ஒரு தீபாவளிக்கு அது கழலவில்லை. எண்ணெய் போட்டும் வரவில்லை, சோப்புப் போட்டும் வரவில்லை. ஆசாரியை அழைத்து அறுக்க வேண்டியதாயிற்று.

“ஒங்கப்பா அளவுலயும் கஞ்சம் பண்ணிட்டாரு” என்றார் சித்தப்பா.

“கல்யாணத்தப்ப லொடலொடன்னு கெடந்துச்சு, நூல் சுத்திப் போட்டிருந்தீங்க. தின்னு தின்னு வெரலு பெருத்தா எங்கப்பா என்ன செய்வாருங்க?” என்றாள் சித்தி.

“ஒடம்புல ஒட்டுறது நல்லதுதானே” என்றார் ஆசாரி, அரத்தை நிறுத்தாமல்.

எல்லோரும் சிரித்தோம். அவர் செருப்பும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டு வந்தது. ஒற்றைச் செருப்புக்குள் என் இரண்டு காலையும் வைத்து நின்று காட்டுவேன்.

1959 பங்குனியில் மதுரைக்கு ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். சித்தப்பா இடித்துக்கொள்ளாமல் கைபிடித்துக் கூட்டிப்போக நானும் போனேன். டாக்டர் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கண்ணாகப் பொத்தச் சொல்லி, தன் விரலைப் பக்கத்திலிருந்து மெல்லக் கொண்டுவந்தார். இரண்டு கண்ணிலும் காதுப் பக்கத்துப் பாதிப் பார்வை இல்லை; நடுவில் கோடு போட்டு அழித்தது போல. பிறகு விளக்கைப் பிடித்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். அழுத்த நோயில் பெரும்பாலும் மூக்குப் பக்கத்துப் பார்வை முன்னால் குறையும், நரம்பின் முனை குழிந்துபோகும் என்று அப்பாவுக்கு விளக்கினார். இங்கே நரம்பு வெளுத்திருக்கிறது, குழியவில்லை. கண்ணுக்குப் பின்னால் ஏதோ அதை அமுக்குகிறது. அதற்குப் பிறகு அவர் கண்ணைப் பார்க்கவில்லை, சித்தப்பாவின் கைகளைப் பார்த்தார்.

“செருப்பு சைஸ் கூடியிருக்கா? மோதிரம் எதுவும் இறுகிச்சா?”

சித்தி சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். “மோதிரத்த அறுத்தாச்சு” என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். வகுப்பில் சரியான பதில் சொன்ன சந்தோஷம் எனக்கு.

எக்ஸ்ரேயில் மூளைக்கு அடியில் கட்டி இருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. கண் நரம்பை அமுக்கியதும் கை காலைப் பெருக்க வைத்ததும் அதுதான். சென்னையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் தங்கியது, போன பார்வை திரும்பவில்லை. வாசலில் பஸ் போனால், “இப்ப கியரை மாத்தணும்” என்பார். அது மாறும்வரை காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

மதுரையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் சித்தி ஏன் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. கை கால் பெருப்பது பார்வை மங்குவதற்குப் பல வருஷம் முன்பே தொடங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவள் கேட்டிருந்தாள்.

மோதிரம் அறுத்தது 1957 தீபாவளி என்றால், முதல் சொட்டு மருந்துக்கு முன்பே நோய் எங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கிறது. டாக்டரிடம் தாத்தாவைச் சொன்ன அப்பா விரலையும் சொல்லியிருக்கலாம். 1958 என்றால் அது மருந்து தொடங்கிய பிறகு; அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஆசாரி இப்போது இல்லை. சித்தியிடம் கேட்டால் ஒரு தடவை அந்த வருஷம் என்கிறாள், மறுதடவை இந்த வருஷம் என்கிறாள். மழை பெய்ததையும் மாடு கன்று போட்டதையும் குறித்த அப்பா இதைக் குறிக்கவில்லை. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நாள் அது. எந்த வருஷம் என்பதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.