அவிழ்த்துவிட்ட எருமைக்கடா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில் என் கணவர் திருத்தணியில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். நாங்கள் இருந்தது கனகம்மாசத்திரம் போகிற சாலையில் ஒரு சின்ன ஊர். சித்திரையில் கங்கையம்மன் ஜாத்திரைக்கு எருமைக்கடா வெட்டுவது அங்கே வழக்கம். அந்த வருஷம் கோயில் முன்னால் ஊர் கூடியபோது அவர் எழுந்து, "வாயில்லா ஜீவனுங்க. பூசணிக்கா ஒடைச்சி கும்புட்டா ஆத்தா ஏத்துக்க மாட்டாளா?" என்று கேட்டுவிட்டார்.

முதலில் எதிர்த்தது அவருடைய சொந்த அண்ணன்தான். நான் பாவா என்று கூப்பிடுகிறவர். "ஊருல அம்மை வந்தா நீ வந்து எறக்குவியா?" என்றார். பேச்சு முற்றியது. இளவட்டங்கள் என் கணவர் பக்கம் நின்றார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர், இந்த ஒரு வருஷம் விட்டுப் பார்ப்போம் என்று கடாவை அவிழ்த்துவிடச் சொன்னார்.

நெற்றியில் பூசிய மஞ்சளோடு அது தெருத்தெருவாகத் திரிந்தது. யாரும் துரத்தவில்லை, தொடவும் இல்லை. எங்கள் வீட்டுப் பின்னால் வைக்கோல்போர் இருந்ததால் அங்கேயே வந்து நிற்கும். கிணற்றடிக்குப் போனால் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்திருக்கிறேன்.

ஜாத்திரை முடிந்த கொஞ்ச நாளில் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. நடை பழகி ஓடியாடுகிற வயசு. முகத்தில் முத்து முத்தாகக் கிளம்பியதும் வாசலில் வேப்பிலை செருகினேன். தெருக்கோடி வீட்டுப் பையனுக்கும் அம்மை போட்டிருந்தது. என்னைக் கண்டால் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒருநாள் எங்கள் கூரைமேல் கல் விழுந்தது. அவர் வெளியே போய்த் திரும்பத் தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பேன்.

ஒரு மத்தியானம் பாவா வெட்டுக்கத்தியோடு வந்தார். அழுது கண் சிவந்திருந்தது.

"கொயந்த போயிடுவாடா. இப்பனாச்சும் சரின்னு சொல்லு. நானே வெட்டி ஆத்தா கால்ல போட்டுட்றேன்."

மகளுக்கு வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்த என் கணவரின் கை நின்றது. என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு. வெட்டச் சொன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

பின்கதவு வழியே கடா தெரிந்தது. வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. வெட்டுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதையும் வெட்டி, பிள்ளையும் போய்விட்டால்? அப்புறம் யாரிடம் போய் நிற்பேன்? அந்தப் பயம்தான் என் வாயை அடைத்தது. இரக்கம் என்று சொல்ல மாட்டேன்.

"வேணாம் பாவா" என்றேன்.

அவர் கத்தியை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்.

மகள் பிழைத்தாள். முகமெல்லாம் தழும்பு. தெருக்கோடி வீட்டுப் பையன் பிழைக்கவில்லை. அவன் அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஜாத்திரைக்கு அதே கடாவைப் பிடித்துக் கட்டினார்கள். "போகாதீங்க" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் கேட்காமல் தடுக்கப் போனார். மகளை மடியில் இறுக்கிக்கொண்டு, மேளச்சத்தம் ஓயும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெட்டி முடித்த பிறகுதான் வந்தார். சட்டை கிழிந்திருந்தது, உதட்டில் ரத்தம். பாவாதான் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்.