ஓடைச் சேற்றில் சுயம்பு எடுத்த அளவு

சுயம்பு மஞ்சள் காமாலையில் இறந்து இன்றோடு பதினாறு நாள். ஆய்வுக்கூடத்தில் கதிர்வீச்சு அளக்கும் கருவியைச் சுமந்துபோய், சொன்ன இடத்தில் வைத்து எண்ணி வருவது அவன் வேலை. அவன் கொண்டுவரும் எண்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. சேர்ந்து எட்டு வருஷமாகியும் அப்போது அவன் தினக்கூலிதான்.

அறுபத்து நான்கு மே மாதம், ஏதோ கப்பலில் கசிந்த எண்ணெய் மான்குர்த் ஓடைக்குள் ஏறிவிட்டது. எண்ணெயோடு அணு விஷமும் வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. வெறும் எண்ணெய் என்றால் மழையில் போய்விடும். கதிர்வீச்சும் இருந்தால் ஓடையையே அடைத்துவிடுவார்கள். அந்த ஓடையில் நண்டு பிடித்து விற்றுத்தான் பூமாரி தன் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

அளக்க வேண்டியது பன்னிரண்டு இடம். இடது கையில் கருவியின் குழாய், வலது கையில் பென்சில். அலுவலகத்தில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணியபோது கருவியில் நிமிஷத்துக்கு முப்பது 'டிக்' கேட்டது. ஓடையில் முதல் நாள் அளந்த ஆறு இடத்திலும் எண்பதைத் தாண்டியது. மீதி ஆறும் இப்படியே இருந்தால் தடைப்பலகை வைக்கச் சொல்லிவிடலாம் என்றார் கூடவே வந்திருந்த அதிகாரி அனந்தகிருஷ்ணன்.

மறுநாள் பூமாரியும் சேற்றில் இறங்கி அவன் பின்னாலேயே வந்தாள்.

"என்னலே, இன்னைக்கும் கத்துதா?"

"கத்துதுக்கா. நான் என்ன செய்ய?"

"எண்ணெய் படாத மேட்டுல வச்சுப் பாத்தியா?"

"அங்கன அளக்கச் சொல்லலியே."

"சொன்னாத்தான் செய்வியோ? வாலே!"

மேட்டில் வைத்தான். எண்பத்து மூன்று.

"இங்கன எண்ணெயே கெடையாது. அப்பம் ஒன் டப்பா சேத்தைப் பாத்துக் கத்தல, ஒன்னையப் பாத்துத்தான் கத்துது!"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சுயம்பு தன் இடது மணிக்கட்டையே பார்த்தான். மாமனார் போட்ட ரேடியம் கடிகாரம். எண்கள் இருட்டிலும் பச்சையாய் ஒளிரும். அந்த ரேடியமே கதிர் வீசக்கூடியது. நிமிஷம் பார்க்க வசதியாக, ஓடைக்கு வரும்போது மட்டும் அதைக் குழாய் பிடித்த கையிலேயே கட்டியிருந்தான்.

கழற்றி அவளிடம் நீட்டினான். "நூறடி தள்ளி நில்லுங்கக்கா. இந்த நொடி முள்ளு உச்சியில இருந்து கெளம்பயில ஒரு கூப்பாடு போடுங்க. ஒரு சுத்து சுத்தி வந்ததும் இன்னொண்ணு."

அவள் போட்ட கூப்பாட்டில் கொக்குகள் பறந்தன. இப்போது கருவியில் முப்பத்தொன்றுதான்.

கடல் ஓதம் ஏறி ஓடை நிரம்புவதற்குள் பன்னிரண்டு இடத்தையும் அளந்துவிட்டார்கள். எங்கும் முப்பத்து மூன்றைத் தாண்டவில்லை.

முதல் நாள் கணக்கைச் சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். அவன் நேரே அனந்தகிருஷ்ணன் மேஜைக்குப் போனான்.

"நேத்து எடுத்த ஆறும் தப்பு சார். என் வாட்ச்தான் காரணம்."

"எட்டு வருஷமா இதே வேலை. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அதான் வெக்கமா இருக்கு."

நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குத் தட்டச்சு ஓடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும்தானே பக்கத்துல நின்னேன். எனக்கும் தோணலையே. நாளைக்கு ரெண்டு பேருமா போய் இன்னொரு தரம் பார்த்துடலாம். அந்த அம்மாவையும் வரச் சொல்லு."

மூன்றாம் நாளும் அதே அளவுதான். 'இயல்பான அளவு' என்று நானே தட்டச்சு செய்தேன். இரண்டு மாத மழை சேற்றில் படிந்த எண்ணெயைக் கழுவிவிட்டது. செப்டம்பரில் தாராவிச் சந்தையில் பூமாரியின் குரல் கேட்டது:

"வாங்க, வாங்க! சர்க்கார் அளந்த நண்டு! வேற எவகிட்டயும் கெடைக்காது!"

கூடை காலியாகும்வரை சுயம்பு எதிர்க்கடை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.