அண்ணாச்சி கடைக்கு இரண்டு வாசல்

செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஏசி ரூமின் தரை சில்லென்று பாதத்தில் ஏறும். பாளையங்கோட்டையில் அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர் என்றால் அப்படித்தான்... தூசி பட்டால் மெஷின் கெட்டுப்போகும் என்று எங்கள் ஓனர் நம்பினார். நாங்களும் நம்பினோம்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. காலேஜ் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்த நேரம் போக, வெப்சைட் செய்யப் பழகிக்கொண்டிருந்தேன். எனக்கு வெப்சைட் வேண்டும் என்று கேட்கத்தான் ஊரில் ஆளில்லை.

முதலில் வந்து கேட்டவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. டவுனில் கடை. கடைக்கு ஒரு சைட் போடுங்கள் என்று வெளிநாட்டிலிருந்து மகன் எழுதியிருந்தானாம். லெட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அவர் கடையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரே கடை, இரண்டு வாசல். ரத வீதிப் பக்கம் கல்யாணச் சாமான்... பெண் மாப்பிள்ளை பெயர் நெய்த பத்தமடைப் பாய், மஞ்சள், குங்குமம், தாம்பாளம். பக்கத்துச் சந்தில் இன்னொரு வாசல், துட்டி வீட்டுச் சாமானுக்கு. சாவு வீட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கோடித் துணி, மண்கலயம், எள், தர்ப்பை, பதினாறாம் நாளுக்கு வேண்டியது எல்லாம் அங்கே கிடைக்கும்.

முன்வாசலில் "வாங்க வாங்க, இரிங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவார். சந்து வாசலில் வாயே திறக்கமாட்டார். சீட்டை வாங்கிப் பார்ப்பார், எடுத்து வைப்பார். வந்தவரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் போய்விடுவார். துட்டிக் காரியத்துக்கு வந்தவரை வா என்று அழைக்கக்கூடாது. அவரும் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. பிறந்ததிலிருந்து எனக்கும் தெரிந்த விஷயம்தான்.

"ரெண்டு சைட்டா போட்டுரும்மா. வாசலு ரெண்டு இருக்குல்லா?" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி, ஒண்ணு போதும். ஒரே அட்ரஸ்னாதான் ஆளுக மனசுல நிக்கும். உள்ளுக்குள்ள ரெண்டு பக்கமா பிரிச்சிருவோம்."

"ஒண்ணாக் கிடந்தா நல்லாவா இருக்கும்?"

"கடைப் பேரு ஒண்ணுதான அண்ணாச்சி?"

சட்டைப்பையில் இருந்த லெட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீ படிச்ச பிள்ள. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் காலத்து சைட்டுகள் நினைவிருக்கிறதா? மினுங்கும் நட்சத்திரம், ஆடும் ரோஜா, நீங்கள் எத்தனையாவது ஆள் என்று எண்ணிக் காட்டும் பெட்டி... ஒன்றையும் விட்டுவைக்கவில்லை நான். மேலே "வெல்கம் வெல்கம்" என்று இங்கிலீஷில் ஓடும். அடியில் "விசிட் அகெய்ன்". கல்யாணப் பக்கத்தை முடித்தேன். அதையே காப்பி எடுத்து, சாமான் பட்டியலை மட்டும் மாற்றினேன். துட்டிப் பக்கமும் ரெடி.

அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் வராது. ரோஜா ஆடுவதை ரசித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து, சைட்டில் போட்டிருந்த எங்கள் சென்டர் முகவரிக்கு இங்கிலீஷில் ஒரு மெயில் வந்தது. எழுதியவர் ஆழ்வார்குறிச்சிக்காரர், வெளிநாட்டில் வேலை. அம்மா தவறிவிட்டாள். எடுப்பதற்குள் வந்து சேர முடியவில்லை. பதினாறாம் நாளுக்கு வந்துவிடுவேன், சாமான்களை வீட்டில் சேர்த்துவிடுங்கள் என்று பட்டியல் போட்டிருந்தார்.

கடைசியில் நாலு வரி. "உங்கள் பக்கத்தைத் திறந்ததும் வெல்கம் என்று ஓடியது. மறுபடி வா என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் இனி ஒரு சாவு வேண்டாம். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்."

பிரிண்ட் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். பட்டியலைத் தமிழில் சொன்னேன். அந்த வரிகளை விழுங்கிவிடத்தான் நினைத்தேன். "அவ்வளவுதானாம்மா?" என்று கேட்டார். பொய் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எங்க தாத்தா காலத்துலேருந்து அந்த வாசல்ல ஒருத்தரையும் வான்னு சொன்னதில்ல. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்கன உக்காருவேன்?" என்றார். பிறகு அந்தத் தாளை மடித்து, மகன் லெட்டர் இருந்த பையிலேயே வைத்துக்கொண்டார்.

வழக்கமாக வெளியூர்ச் சாமானை யாரிடமாவது கொடுத்தனுப்புவார். இந்த முறை அவரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். மறுநாள் காலையில் சென்டருக்கு வந்தார்.

"அந்தத் தம்பி வந்துட்டாரா அண்ணாச்சி?"

"வந்துட்டாரு. மூட்டைய வச்சிட்டு செத்த நேரம் உக்காந்திருந்தேன். அவரு என்னையப் பாத்தாரு. நானும் பாத்தேன். எந்திரிச்சு வந்துட்டேன்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"அங்கன என்னத்தச் சொல்ல? ரெண்டா போட்டுரும்மா."

அன்றைக்கே போட்டேன். இரண்டாவது சைட்டில் நட்சத்திரம் இல்லை, ரோஜா இல்லை, ஆள் எண்ணும் பெட்டி இல்லை. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்தில் பட்டியல், கடை போன் நம்பர். பக்கத்தில் நின்று பார்த்தவர், "இது போதும். வாரவுக சத்தங்காட்டாம பையத் தொறந்து, பைய மூடிட்டுப் போவட்டும்" என்றார்.

இப்போது சென்னையில் அதே வேலைதான் பார்க்கிறேன். அண்ணாச்சி காலமாகிவிட்டார். அந்த இரண்டு சைட்டுகளும் என்றைக்கோ காணாமல் போய்விட்டன.

போன வருஷம் அப்பா போனார். பதினாறாம் நாள் சாமான்களைத் தம்பி போனிலேயே ஆர்டர் செய்தான். செருப்பு முதல் டிவி வரை எல்லாம் விற்கும் ஒரே ஆப். ஆர்டர் முடிந்ததும் கலர் கலராகக் காகிதத் துண்டுகள் திரையில் கொட்டின. "நன்றி! மீண்டும் வாங்க!"

தம்பி அதைக் கவனிக்கவேயில்லை. எனக்குச் சுருக்கென்றது. கோபப்படவும் முடியவில்லை... யாரோ ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண், வேறொரு பக்கத்தைக் காப்பி எடுத்திருப்பாள்.

கீழே ஒரு பெட்டி, உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று கேட்டது. தம்பியிடமிருந்து போனை வாங்கினேன்.

"ரெண்டா போட்டுரும்மா" என்று எழுதி அனுப்பினேன்.