ஆறு குளிர்ந்துவிட்டது, அண்ணாச்சி

நியூ ஜெர்சியில், ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சண்முகசுந்தரம் அண்ணாச்சியின் மகள் வள்ளி. டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் குடியிருக்கிற பெண்; அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்து இங்கேயே தங்கியிருந்தாள். “காதர் அங்கிள், அப்பா போயிட்டாங்க. ஹி வாஸ் ஸ்லீப்பிங். ஹி ஜஸ்ட் டிட்ன்ட் வேக் அப்” என்றாள். எப்போதும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள், அப்பா போனதை மட்டும் தமிழில் சொன்னாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கோடை முழுக்க எட்டிப் பார்க்காத மழை. நனைந்துகொண்டே காருக்குப் போனேன். அப்போது எனக்கு முதலில் தோன்றியது, ஆறு குளிர்ந்துவிடும் என்பதுதான். இப்போது குளிர்ந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று வானத்தைப் பார்த்து வாய்விட்டே திட்டினேன். பக்கத்துக் காரில் ஏறப்போன அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணாச்சியை அறிந்தவர்களுக்கு அந்தத் திட்டு விளங்கும். அறியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிளெய்ன்ஸ்பரோவில் அவர் குடியிருந்ததற்கு எதிர்க் கட்டிடத்தில் நான் இருக்கிறேன். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி மன்ஹாட்டனுக்கு ஓடும் கூட்டத்தில் நாங்களும் இரண்டு பேர். அவருக்குத் திருநெல்வேலி, எனக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். ஊர்ப் பேச்சுக் காதில் விழுந்ததும் ஒட்டிக்கொண்டோம். வங்கி ஒன்றின் கணினிகளைக் கட்டி மேய்ப்பது அவருடைய வேலை. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் போன் அடிக்கும், கோயில் வரிசையிலும் அடிக்கும். அப்படிப்பட்டவரை ஒரு வசந்த காலத்தில் அலுவலக நண்பர் ஒருவர் மலைப்பக்கத்து ஆறு ஒன்றுக்கு அழைத்துப்போனார். அங்கே போன் சிக்னல் கிடையாது. அதிலிருந்து சனிக்கிழமை என்றால் அண்ணாச்சி வீட்டில் இருக்க மாட்டார்.

இத்தனைக்கும் அவர் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார். தமிழ்ச் சங்கப் பிக்னிக்கில் அவரை ஓட்டாத ஆள் இல்லை. நானே கேட்டேன்: “சாப்பிடாத மீனை எதுக்கு அண்ணாச்சி பிடிக்கணும்? பிடிச்சதை எனக்காவது தரலாம்லா?”

“சாப்பிடத்தான் வேணும்னா கடைக்குப் போய் வரிசையில நில்லுங்க பாய். இது பாத்துட்டு விடுறதுக்கு” என்றார். “இந்த ஊர்ல என்னை அவசரப்படுத்தாத விஷயம் இது ஒண்ணுதான்.”

அவர் பிடித்தது டிரை ஃப்ளை முறையில் மட்டும். கொக்கியில் இறகும் மான் முடியும் சுற்றி, ஈ மாதிரி ஒன்றைச் செய்து, அதை நீரின் மேல் மிதக்கவிட்டுப் பிடிப்பது. தேடியதோ ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த பெரிய பிரவுன் டிரவுட் என்ற மீனை மட்டும். தொட்டியில் வளர்த்து லாரியில் கொண்டுவந்து விடுகிற மீன்களை அவர் மதித்ததில்லை. “அதுக எதைப் போட்டாலும் கடிக்கும் பாய், ஆஸ்டல் பையன்க மாதிரி” என்பார்.

அந்த ஆற்றின் பெயரை எழுத மாட்டேன். என்னை முதல்முறை அழைத்துப்போனபோதே சத்தியம் வாங்கிக்கொண்டார். நியூ ஜெர்சியின் வடமேற்கு மூலையில் ஓடுகிறது என்பது போதும். கரைக்குப் போனதும் நான் தண்ணீரில் இறங்கப் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். “இறங்கினீங்கன்னா பெரிய மீன் இன்னைக்கு முழுக்க வராது. முதல்ல பாருங்க.” பார்த்தோம், பார்த்தோம், பார்த்துக்கொண்டே இருந்தோம். இடுப்பு விட்டுப்போயிற்று. நடு ஆற்றில் மீன்கள் துள்ளித் துள்ளி விழுந்தன. அதெல்லாம் பொடிசுகள் என்று ஒதுக்கிவிட்டார். கரையோரம் சாய்ந்து நின்ற மரத்தின் நிழலில், ஒரு மழைத்துளி விழுந்தாற்போல வளையம் ஒன்று வந்தது. சத்தமே இல்லை. “அதுதான். மூக்கை மட்டும் நீட்டி எடுக்கு பாத்தீங்களா? பெரிசு எதுவும் ஆர்ப்பாட்டம் பண்ணாது” என்றார்.

அதன் பிறகும் உடனே வீசவில்லை. அந்த மீன் ஒரு முறை எழுந்தால் அடுத்து எப்போது எழுகிறது என்று பார்த்தார். மேல் பக்கம் சுற்றிப் போய், கயிறு மீனின் கண்ணில் படுவதற்கு முன்னால் ஈ போய்ச் சேருகிற மாதிரி நின்றார். கயிற்றை நீரோட்டம் இழுத்தால் ஈயும் இழுபடும். இழுபடுகிற ஈயைப் பெரிய மீன் தொடாது. ஆகவே கயிற்றைத் தொளதொளவென்று நெளித்துப் போடுவார். மீன் வாயில் வாங்கிய பிறகும் இழுக்க மாட்டார். “நெல்லையப்பா” என்று நிதானமாக ஒரு முறை சொல்வார். அதற்குள் மீன் வாயை மூடித் தலையைக் கீழே திருப்பியிருக்கும். அப்போதுதான் தூண்டிலைத் தூக்குவார். எனக்கு அந்தப் பொறுமை வாய்க்கவே இல்லை. மீனைக் கண்டால் தானாக இழுக்கிற கை என்னுடையது. “கடல்காரக் கை” என்று தலையில் அடித்துக்கொள்வார்.

சாய்ந்த மரத்தடி மீனுக்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்திருந்தார். ஒரு மே மாதம் அண்ணாச்சியின் ஈ எவ்விதப் பிசிறும் இல்லாமல் மிதந்துபோனது. பெரியவர் மேலே வந்தார். முழங்கை நீளத்துக்கு மேல் இருந்த அந்த உடம்பை நானும் பார்த்தேன். ஈக்கு அடியிலேயே கொஞ்ச தூரம் கூட நீந்தி, ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். “கல்யாண வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுச் சாப்பிடாமப் போறாரு பாருங்க” என்று அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். கார் வரை சிரித்துக்கொண்டே வந்தவருக்கு மேட்டில் ஏறும்போது இருமல் வந்தது. நெடுநேரம் நிற்கவில்லை. தூசி என்றார். நானும் தூசி என்றுதான் நினைத்தேன்.

நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிற நோய். ஏன் வருகிறது என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை. மாற்று நுரையீரலுக்கும் வழியில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அடுத்த வசந்தம் முழுவதையும் மருத்துவமனை தின்றுவிட்டது. பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பி, பெரிய மீன்கள் பயம் மறந்து மேலே வருகிற காலம் அதுதான். அவர் வீடு திரும்பியபோது தோளில் ஆக்சிஜன் மெஷின் தொங்கியது. மூக்கில் குழாய். இலையுதிர் காலத்தைப் பார்ப்பது சந்தேகம் என்று மருத்துவர் அண்ணாச்சியின் மனைவி மீனாட்சி அக்காவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அண்ணாச்சியிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை. “பாய், பெரியவரை ஒரு தடவை கையில ஏந்திப் பாத்துரணும். வேற ஆசை ஒண்ணும் இல்லை” என்றார்.

அந்தக் கோடையில்தான் வெயில் அப்படிக் கொளுத்தியது. விடியும்போதே ஆற்றுக்குப் போய்விடுவோம். மடக்கு நாற்காலியைக் கரையில் போட்டு அவரை உட்காரவைப்பேன். முதல் வேலையாக, நூலில் கட்டிய தெர்மாமீட்டரைத் தண்ணீரில் இறக்குவார். அறுபத்தெட்டு ஃபாரன்ஹீட் டிகிரியைத் தாண்டியிருந்தால் தூண்டிலை உறையிலிருந்தே எடுக்க மாட்டார். ஒவ்வொரு முறையும் தாண்டித்தான் இருந்தது. திரும்பி வருவோம். மறுபடி போவோம், மறுபடி திரும்புவோம். ஒவ்வொரு பயணத்துக்கும் அவருடைய நடை சுருங்கியது. மேட்டில் ஏற என் தோளைப் பிடித்தவர், பிறகு என் இடுப்பையும் பிடிக்க வேண்டியதாயிற்று. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரு நாள் கத்திவிட்டேன்.

“ரெண்டு டிகிரிதான் அண்ணாச்சி கூட இருக்கு! ஊரே சாப்பிடுற மீனு! உங்க ஆசையை விடவா அது பெருசு?”

அவர் மூச்சு வாங்கி முடிக்கும் வரை காத்திருந்தேன். “சூட்டுத் தண்ணியில காத்து கம்மி பாய். அதோட மல்லுக்கட்டி இழுத்தா மூச்சு முட்டும். நாம விடும்போது நீந்திப் போற மாதிரித்தான் தெரியும். கண் மறைஞ்சதும் செத்துரும்” என்றார். “மூச்சு முட்டுறது எப்பிடின்னு எனக்குத் தெரியும்லா? தெரிஞ்சுக்கிட்டு அதை ஒருத்தருக்குச் செய்யச் சொல்லுதீங்களே.”

நான் தெர்மாமீட்டரின் நூலைச் சுற்றி வைத்தேன். ஆனால் கோபம் அடங்கவில்லை. வானத்தின் மேல், மருத்துவர்கள் மேல், அந்த மீனின் மேல், அண்ணாச்சியின் மேலும்தான்.

மீனாட்சி அக்காவுக்கு அந்த ஆற்றைப் பிடிக்காது. சனிக்கிழமைகளைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டது என்று நினைத்தவர். ஒருமுறைகூட வந்ததில்லை. அந்த அக்கா ஒரு காலை என்னைப் படிக்கட்டில் மறித்தார். “ஏண்ணே, அவுக சொல்றதைக் கேக்காதீங்க. ஒரு மீனுதானே, செத்தாச் சாகட்டும். எந்தப் பாவமும் என்னைச் சேரட்டும். அவுகளைப் பிடிக்கவச்சுக் கூட்டிட்டு வாங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதே பெண்மணி அசைவம் சமைத்த பாத்திரத்தை வீட்டுக்குள் விடாதவர்.

அன்றுதான் நாங்கள் கடைசியாகப் போனது. சாய்ந்த மரத்துக்குக் கொஞ்சம் கீழே, பாறையிடுக்கிலிருந்து ஒரு குளிர்ந்த ஊற்று ஆற்றில் கலக்கிறது. அதன் வாயில், கரையிலிருந்து எட்டிப் போடுகிற தூரத்தில், பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வெயிலுக்கு ஒதுங்கி வந்திருந்தார். முதுகின் புள்ளிகள்கூடத் தெரிந்தன. கொசு மாதிரிப் பூச்சிகளை நிதானமாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். அத்தனை வருடத்தில் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு வாகாக அவர் நின்றதே இல்லை. அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழ வேண்டியதுகூட இல்லை.

நான் தெர்மாமீட்டரை வாங்கி ஊற்று நீரில் விட்டு எடுத்துக் காட்டினேன். “பாருங்க, அறுபதுகூட இல்லை. போடுங்க அண்ணாச்சி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன், போடுங்க.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததில் மூச்சிரைத்தது. “ஊத்து வாயில வச்சுக் காட்டுதீங்களா? இழுத்தா அவரு இங்கேயா நிப்பாரு, நடு ஆத்துக்குல்லா ஓடுவாரு” என்றார். தூண்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தன. போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். மீன் எழுந்தது, எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. தோள் மெஷின் புஸ்ஸு புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது. கடைசியில், “நிழலுக்கு வந்திருக்காரு பாய். நாமளும் அதுக்குத்தானே வந்தோம். இருந்துட்டுப் போகட்டும்” என்று தூண்டிலை என்னிடம் நீட்டினார். அவர் கண் நிறைந்திருந்தது. பெருந்தன்மை என்று யாரும் சொல்ல வேண்டாம். வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் விட்டுவிட்டு வந்த மனிதரின் முகத்தை நான் பார்த்தேன். அது நிம்மதியான முகம் இல்லை.

அடுத்த வாரம் படுக்கையில் விழுந்தார். மழை வந்த அன்று போனார்.

தகனம் முடிந்த மூன்றாம் நாள் மீனாட்சி அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். அண்ணாச்சியின் மழைக்கோட்டைப் போட்டிருந்தார். “அந்த மீனு இந்த வெயில்ல பொழைச்சுதான்னு பாக்கணும்ணே. கூட்டிட்டுப் போங்க” என்றார். பதினாறு முடியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று ஊரிலிருந்து போன் மேல் போன் வந்ததாம். போனை அணைத்துவிட்டு வந்திருந்தார்.

ஆறு குளிர்ந்திருந்தது. கை வைத்தால் விரல் மரத்தது. சாய்ந்த மரத்துக்கு எதிரே உட்கார்ந்தோம். ஒன்றும் வரவில்லை. இலைகள்தான் மிதந்துபோயின. அது செத்திருந்தால் இந்த அம்மாளிடம் என்ன சொல்வது? செத்திருந்தால் அண்ணாச்சி விட்டுக்கொடுத்ததற்கு என்னதான் பொருள்?

அப்போது நிழலில் அந்தச் சின்ன வளையம் வந்தது. சத்தமே இல்லாமல்.

“அதுவா?”

“அதுதான் அக்கா.”

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நீ இருக்கிறாய், அவர் இல்லை. இது என்ன கணக்கு என்று அந்தத் தண்ணீரிடம் கேட்கத் தோன்றியது. அண்ணாச்சி, உங்கள் முடிவு சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்களைப் போல ஒருவரை இனிப் பார்க்க மாட்டேன் என்பது மட்டும் தெரியும். எங்கே இருந்தாலும் மூச்சுத் தாராளமாக இருக்கட்டும். போய் வாருங்கள்.

மீனாட்சி அக்கா வளையம் கலைந்த இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். “இவ்வளவுதானாண்ணே? இதுக்கா?” என்றார். இருட்டப் போகிறது, கிளம்பலாம் என்று எழுந்தேன். அக்கா எழவில்லை.

“இன்னொரு தடவை வரட்டும்ணே” என்றார். “பாத்துட்டுப் போவோம்.”