கையில் ஒட்டிய தார்

அந்த ரோடு போட்டவனைத் திட்டாமல் என்னால் இதை எழுத முடியாது. ஆனால் திட்டும் தகுதி எனக்கு இல்லை.

ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை செய்யும் ஆறு பேர், சித்திரை வெயிலில் வாலாஜாபாத்துக்கு பைக்கில் கிளம்பினோம். வழியில் நுங்கு சாப்பிட நிறுத்தினோம். வண்டிகள் வரிசையாக வருவதை வீடியோ எடுக்க நான் மட்டும் கொஞ்சம் முன்னால் நடந்தேன். நடுச்சாலையில் ஒரு வேப்பங்கிளை நின்றது. பள்ளத்தை மேலோடு தார் ஊற்றி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், பாவிகள். பார்க்கச் சமமாகத்தான் இருந்தது. பள்ளம் இருந்தால்தான் கிளை நடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வீடியோவுக்கு இடைஞ்சல் என்று அடியைப் பிடித்துப் பிடுங்கி எறிந்தேன்.

கடைசியாக வந்த முருகேசனின் முன்சக்கரம் இளகிய தாரில் இறங்கியது. தூக்கியடித்ததில் அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

“இன்னாடா ரோடு போட்டுகீறானுங்க? நிக்க வச்சு உதைக்கணும்!” எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியவன் நான்தான்.

நுங்கு விற்ற அக்கா தண்ணீரோடு ஓடிவந்தார். “காலைலதான் கொம்பு நட்டு வச்சேன். எவன்பா புடுங்கிப் போட்டது?”

முருகேசனைத் தூக்கக் கை நீட்டினேன். உள்ளங்கை முழுக்கத் தார். அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து முருகேசனுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

முருகேசன் இன்றும் ரோடு போட்டவனைத்தான் திட்டுகிறான். வெட்கமில்லாமல் நானும் சேர்ந்து திட்டுகிறேன்.